லண்டனுக்குக் கொண்டுபோன ஈயமணி

லண்டன் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்து மணிப் பையை அதில் வைத்திருந்தேன். ஊரில் அப்படித்தான். கடலூர் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தால், நிற்கிறவர்கள்கூட அந்த இடம் கண்ணில் படாததுபோலவே நிற்பார்கள். நாங்கள் நரிக்குறவர்கள். பஸ் நிலையத்தில் பாசிமணியும் ஊசியும் விற்றவர் என் அம்மா. குரோய்டனில் ஏறிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பையைக் காட்டி ஏதோ சொன்னார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்தார். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. அவரை எழுப்ப மனம் வரவில்லை. அப்படியே கடைசி நிறுத்தம்வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தேன். லண்டனில் பல முறை வழி தவறினேன். சந்தோஷமாகத் தவறியது அந்த ஒரு முறைதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். இதை எங்கே போனாலும் சொல்வேன், சொல்லக் கூச்சப்பட மாட்டேன். எங்கள் காலனிப் பெண்களின் மகளிர் குழுவுக்கு நான்தான் செயலாளர். விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில் நடந்த கைவினைக் கண்காட்சிக்கு எங்கள் மணிகளோடு வந்திருந்தேன். தங்க இடம் கொடுத்தவர் ரஜனி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். யுத்தத்தில் வெளியேறி, ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, இங்கே தோர்ண்டன் ஹீத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலேயே வீடு.

முதல் நாள் இரவு குழல்புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். நான் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டபோது அக்கா கேட்டார்.

"உம்மட ஆக்கள் என்ன செய்யிறவை, பிள்ளை?"

"நாங்க நரிக்குறவங்கக்கா."

இதைச் சொல்லிவிட்டு எதிராளியின் கையைப் பார்ப்பது என் பழக்கம். குழம்புக் கரண்டி நடுவில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அக்காவின் கரண்டி நிற்கவில்லை.

"நரியோ? நரி பிடிக்கிறனீங்களோ?"

"அந்தக் காலத்துலக்கா."

"எங்கட பின்வளவுக்குள்ள ஒரு நரி நெடுக வந்து குப்பை வாளியைக் கிண்டுது. கவுன்சிலுக்குப் போன் அடிச்சு அலுத்துப் போனன். உம்மால பிடிக்க ஏலுமோ?"

விளையாட்டு இல்லை, நிஜமாகவே கேட்டார். மறுநாள் காலை அந்த நரியைப் பார்த்தேன். வாளிமேல் ஏறி நின்று, என்னைப் பார்த்தும் நகராமல், கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது. எங்கள் ஆட்கள் வலையோடு பல நாள் காத்துக் கிடந்த விலங்கு இங்கே மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கிறது.

இரண்டாம் நாள் விம்பிள்டனுக்கு டிராமில் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போகிறதில் ஏறிவிட்டேன். வீடுகள் குறைந்து மரங்கள் வர ஆரம்பித்ததும்தான் தெரிந்தது. கண்காட்சி திறந்து வெகுநேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். வந்தவர்கள் மணிகளைக் கையில் எடுத்து, காதில் வைத்து, கண்ணாடியில் பார்த்தார்கள். ஒரு பெண் இந்த மணி சைவமா என்று கேட்டார். கண்ணாடிதான் அம்மா, எதையும் சாப்பிடாது என்றேன். மிகவும் திருப்தியாக இரண்டு மாலை வாங்கிப் போனார்.

மூன்றாம் நாள் மாலை கடையில் அக்காவுக்கு உதவியாக வெங்காயம் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். பூப்போட்ட நீளப் பாவாடை, தலையில் துணி. வந்ததும் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து என்னவோ கத்தினார். அக்காவும் திருப்பிக் கத்தினார். இரண்டு பேரும் பேசியது ஜெர்மன். லண்டனில், தமிழ்க் கடையில், யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவரோடு அவர் ஜெர்மனில் வெண்டைக்காய்க்குச் சண்டை போடுகிறார்!

"என்னக்கா சொல்றாங்க?"

"என்ர வெண்டிக்காய் அவவின்ர மாமியாரிலும் பாக்க முத்தலாம். நான் சொன்னன், உம்மட மாமியாரைக் கொண்டு வாரும், ரெண்டையும் ஒடிச்சுப் பாப்பம் எண்டு."

அவர் பெயர் மிர்சாதா. கொசோவோவில் இருந்து வந்த ரோமா இனத்துப் பெண். அக்காவும் அவரும் ஜெர்மனியில் வேறு வேறு அகதி விடுதிகளில் இருந்தவர்கள். இங்கே வந்துதான் பழக்கம். இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தைவிட ஜெர்மன் நன்றாக வரும்.

மிர்சாதா தக்காளியை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டு எண்ணினார். "யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச்."

வெங்காயத்தைக் கீழே போட்டேன். எங்கள் வீட்டு மொழி வாக்ரிபோலி. அதில் நாங்கள் எக், பே, தண், சார், பாஞ்ச் என்று எண்ணுவோம். என் காதைத் தொட்டு "கான்" என்றேன். அவர் தன் காதைத் தொட்டு "கான்" என்றார். தண்ணீர்ப் போத்தலைக் காட்டினேன். "பானி" என்றோம் இரண்டு பேரும். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். வெண்டைக்காய்ச் சண்டை அதோடு முடிந்தது.

"ஓம், அவையும் உங்களை மாதிரி நாடோடிச் சனம்தானே," என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. "நாங்க நாடோடி இல்லக்கா. எங்க காலனிக்குப் பட்டா இருக்கு."

அக்கா அதை மொழிபெயர்த்ததும் மிர்சாதா சிரித்தார். "தாங்களும் இல்லையாம். தங்களுக்குச் செங்கல் வீடு இருந்ததாம், மாடியோட. சண்டை முடிஞ்ச கையோட பக்கத்து ஆக்கள் வந்து எரிச்சுப் போட்டினமாம்," என்றார் அக்கா. மிர்சாதா சிரித்தபடியேதான் இதைச் சொன்னார். வெங்காயத்தைப் பொறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் தன் வீட்டுக்குக் காப்பி குடிக்க வரச் சொன்னார் மிர்சாதா.

சிறு குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதன்முதலாகப் போனால், அப்பா வார்த்த ஈயமணி ஒன்றைக் கோத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஈயம் கனம். கட்டிய குழந்தை காற்றுக்கும் கருப்புக்கும் அசையாது, மண்ணில் ஊன்றி நிற்கும் என்பார் அப்பா. முன்பு அப்பாவிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. கொக்கு, காடை சுடுவார். அதற்குப் போடும் ஈயக்குண்டை, ரவை என்போம், பழைய பேட்டரித் தகடுகளை உருக்கி அவரே வார்ப்பார். சுடும்போது இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்கும். அடுத்துப் போட வேண்டிய ரவைகள் கன்னத்துக்குள் இருக்கும். ஒன்றொன்றாக உள்ளங்கையில் துப்பி எடுப்பார். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துப் பல வருடம் ஆகிறது. ஈயம் உருக்குவது நிற்கவில்லை. இப்போது மீன்காரர்களின் வலைக்குக் குண்டு வார்க்கிறார். என் கல்லூரிக் கட்டணம் முழுக்க அந்தக் குண்டுகளில் வந்ததுதான்.

மிர்சாதாவின் வீடு இரண்டு தெரு தள்ளி. சின்னக் கோப்பையில் கறுப்புக் காப்பி, அடியில் மண்டி. மாவை அடுக்கடுக்காகத் தட்டி நடுவில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ஒரு பலகாரம். நம் ஊர்ப் பரோட்டாவுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. பேத்தி எல்மா இப்போதுதான் நடை பழகுகிறது. மகன் எமிர் கார் கழுவும் இடத்தில் வேலைக்குப் போயிருந்தான்.

சிவப்பும் பச்சையுமாகப் பாசி கோத்து, நடுவில் அந்தச் சாம்பல் நிற ஈயமணி. எடுத்து நீட்டினேன். எல்மா இடுப்பில் கட்ட விடவில்லை. பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டது. எங்கள் காலனியில் எந்தக் குழந்தையும் அதைத்தான் செய்யும். நான் சிரித்தேன்.

மிர்சாதாவும் சிரித்துக்கொண்டேதான் விரலை விட்டு மணியை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். நகத்தால் கீறினார். கீறிய இடம் வெள்ளிபோல் பளபளத்தது.

அடுத்து அவர் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது. குழந்தையை இடுக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினார். வாயைக் கழுவினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், முகத்தைக் கழுவினார். பிறகு தன் கையை. பிறகு ஈரத்துணி எடுத்து வந்து, மணி விழுந்த தரையைத் துடைத்தார்.

எனக்கு இது தெரியும். எங்கள் ஊரில் ஒரு வீட்டம்மா அம்மாவிடம் மணி வாங்கி, எங்கள் கண் முன்னாலேயே சொம்புத் தண்ணீரில் அலசி எடுத்துப் போவார். நான் எழுந்தேன்.

"வாங்கக்கா போலாம். நாங்க குடுக்கறத கழுவற வீட்டுல எனக்குக் காப்பி வேணாம்."

"இரும் பிள்ளை, இரும்! உம்மைக் கழுவேல்லை. உது என்னெண்டு கேக்கிறா. ஈயமோ?"

"ஆமா. எங்கப்பா வார்த்தது."

"எதில இருந்து?"

"பழைய பேட்டரி."

அக்கா அதைச் சொன்னதும் மிர்சாதா துடைத்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே பேசினார். அக்கா துண்டு துண்டாகச் சொன்னார்.

"வீடு எரிஞ்ச பிறகு வெளிநாட்டு அதிகாரியள் தங்களைக் கொசோவோவிலயே ஒரு முகாமுக்கு ஏத்திக்கொண்டு போனவையாம். கொஞ்ச நாளைக்கு எண்டுதான் சொன்னவை. பக்கத்தில ஒரு சாம்பல் மலை. சுரங்கத்துக் கழிவு. காத்தடிச்சா அந்தத் தூள் சோத்துக்குள்ள, படுக்கைக்குள்ள. பிள்ளையள் அதில சறுக்கி விளையாடுங்களாம். கொஞ்ச நாள் வருசக்கணக்காப் போச்சுது."

"வேற இடம் கேக்கலையா?"

"கேட்டவை. ரத்தம் எடுத்துப் பாத்தவையாம். சில பிள்ளையளின்ர ரத்தத்தை அந்த மெசினால அளக்க ஏலாமப் போச்சாம், அவ்வளவு ஈயம். பாத்திட்டும் அங்கயே வச்சிருந்தவை."

நான் அக்காவைப் பார்த்தேன். தப்பாக மொழிபெயர்த்துவிட்டாரோ என்று நினைத்தேன். "தெரிஞ்சுமா?"

"ஓம் பிள்ளை. தெரிஞ்சும்தான்." அக்கா மூக்கைச் சிந்தினார். "நானும் முகாமில கிடந்தனான். குளிர், பசி, எல்லாம் பாத்தனான். இதை நான் கேள்விப்படேல்லை. இவ்வளவு நாளா வெண்டிக்காய்க்குத்தான் சண்டை பிடிச்சிருக்கிறம்."

மிர்சாதாவுக்கு நெர்மினா என்று ஒரு மகள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சைக் குறைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தது. ஒரு நாள் வலிப்பு வந்தது, பிறகு அடிக்கடி வந்தது. அந்த முகாமிலேயே போய்விட்டது. மகன் எமிர் பிழைத்துக்கொண்டான். ஆனால் இன்றும் வேலையிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ் எண்ணை அவன் உள்ளங்கையில் எழுதித்தான் அனுப்புகிறார்.

"முகாமில ஆம்பிளையள் பிழைப்புக்குப் பழைய பற்றரி உருக்கினவையாம். பிறகு எல்லாரும் சொல்லத் தொடங்கினவை, நஞ்சு இவையின்ர அடுப்பால வந்ததெண்டு. இவ கேக்கிறா, அடுப்பு எங்கட, சரி, மலை ஆருடையது எண்டு."

மிர்சாதா என் கையைப் பிடித்தார். அவருடைய கேள்விகள் சின்னச் சின்னதாக வந்தன.

"உம்மட அப்பா எங்க வச்சு உருக்கிறவர்?"

"வீட்டு வாசல்ல."

"சமைக்கிற அடுப்பிலயோ?"

"அதே அடுப்புதான்."

"பக்கத்தில சின்னப் பிள்ளை ஆரும் இருக்கோ?"

ஊரில் என் சொந்த அக்காவின் மகள் பவி இருக்கிறாள். நான்கு வயது ஆகப்போகிறது. தாத்தாவை விட்டு நகர மாட்டாள். நான் கிளம்பிய அன்றுகூட வயிறு வலிக்கிறது என்று அழுதாள். மருந்துக்கடையில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்திருந்தோம். போன வருடம் கடகடவென்று பேசினாள், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில். பெண் பிள்ளை அடக்கமாகிவிட்டாள் என்று அம்மா சொன்னார். இதையெல்லாம் மிர்சாதாவிடம் சொல்லச் சொல்ல, என் குரல் யாருடையதோ போல எனக்குக் கேட்டது.

"இப்ப போன் எடும் பிள்ளை," என்றார் அக்கா. "இப்பவே எடும்."

ஊரில் சாயங்காலம். அப்பாவே வீடியோவில் வந்தார். பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேலே இரும்புச் சட்டி. நாங்கள் பேசியது வாக்ரிபோலியில். தமிழில் எழுதுகிறேன்.

"அப்பா, அடுப்ப அணை. பவியத் தூக்கி அம்மாகிட்ட குடு."

"ஏன், மழையா வருது?"

"ஈயம் வெஷம்ப்பா."

அப்பா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தார். "லண்டன் போயி நாலு நாள்ல டாக்டராயிட்டியா? எங்கப்பன் உருக்குனான், நான் உருக்குனேன். நீ இந்த அடுப்பு வெளிச்சத்துலதான் படிச்ச. செத்தா போயிட்ட?"

பவி வந்து தாத்தாவின் தோளில் தொங்கினாள். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

"அவ வாயில என்னப்பா?"

"பாரேன் நீயே!" அப்பாவுக்கு ஒரே பெருமை. "துப்பாக்கிக்காரன் பேத்தி. நான் அடக்குற மாதிரியே கன்னத்துல அடக்கி வெச்சிருக்கா. அஞ்சு குண்டு குடுத்தேன், நாள் முழுக்க துப்பவே இல்ல."

நான் மிர்சாதாவைப் பார்த்தேன். யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை. போனுக்கு முன்னால் வந்து, தன் கன்னத்தை உப்பிக் காட்டி, உள்ளங்கையில் துப்புவதுபோல் செய்தார். தலையில் துணி கட்டிய புது மனுஷியைப் பவி வாய் மூடியபடி பார்த்தாள். மிர்சாதா இன்னொரு முறை செய்தார். சிரித்த முகத்தோடு செய்தார். அது அவரால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பவிக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. தாத்தாவின் கையை இழுத்து அதில் துப்பினாள்.

"யேக்," என்றார் மிர்சாதா. பவி அடுத்ததைத் துப்பினாள். "துய். த்ரின். ஷ்தார்."

மிர்சாதாவின் கை நீட்டியபடியே இருந்தது. பவி வாயை அகலமாகத் திறந்து காட்டினாள். நாக்கைத் தூக்கியும் காட்டினாள்.

"பாஞ்ச்?" என்றார் மிர்சாதா மெதுவாக.

அந்தச் சொல் எங்கள் மொழியிலும் அதுதான். அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பவியின் பாவாடையை உதறினார். சட்டி கவிழும் சத்தம் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

இரவு அக்கா கடையைத் திறக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் மிர்சாதா வீட்டில் ஒரே அறையில் இருந்தோம். ஊரில் பவியைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்ப் படம் எடுத்தார்கள். வயிற்றுக்குள் வெள்ளையாக ஒரு உருண்டை தெரிந்தது என்று அப்பா சொன்னார். உடனே செவிலியிடம் போனைக் கொடுத்துவிட்டார். குழந்தையை வார்டில் வைத்துக்கொண்டார்கள். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் கண்காட்சிக்குப் போகவில்லை. எனக்குக் கையில் வேலை வேண்டியிருந்தது. மேசையில், மிர்சாதா போட்டு மூடி வைத்த கண்ணாடிப் போத்தலுக்குள் அந்த மணி இருந்தது. எடுத்துக் குப்பையில் போடப் போனேன். மிர்சாதா தடுத்தார். "அங்க போட்டா நரி கிண்டும், பிறகு ஆரும் பிள்ளை எடுக்கும் எண்டுறா," என்றார் அக்கா. பிறகு, "பொறுங்கோ, கவுன்சிலுக்கு அடிச்சுக் கேப்பம்," என்று போனை எடுத்தார். நெடுநேரம் பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு பெண் பேசினாள். அக்கா போனைப் பொத்திக்கொண்டு எங்களுக்குச் சொன்னார்.

"ஈயமெண்டா வெறுங்கையால தொடக் கூடாதாம். ரெண்டு பைக்குள்ள கட்டவாம். கையைக் கழுவவாம். இங்க கொண்டு வாங்கோ, இதுக்கெண்டு தனிப் பெட்டி இருக்காம்."

ஜெர்மனில் கேட்டதும் மிர்சாதா சிரிக்க ஆரம்பித்தார். இந்த ஒற்றை மணிக்கா இவ்வளவும் என்று கேட்டார். ஒரு விரலைக் காட்டி, யேக், யேக் என்று சொல்லிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நிறுத்த முடியவில்லை. அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்து, கழிவுகளை வாங்கும் அந்த இடத்துக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். தடித்த கையுறை போட்ட ஒருவர் மரியாதையாக வாங்கி, மூடியுள்ள இரும்புப் பெட்டிக்குள் வைத்தார். மூடி சரியாக விழவில்லையோ என்று மிர்சாதா திரும்பிப் பார்த்தபடி நின்றார். கையுறைக்காரர் மறுபடி வந்து அழுத்திக் காட்டினார்.

வெளியே வரும்போது அப்பாவின் போன்.

பவி விழுங்கிய குண்டு வெளியே வந்துவிட்டது. ஆனால் ரத்தத்தில் ஈயம் நிறைய இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், பல மாதம் ஆகுமாம். காலனியில் மற்றப் பிள்ளைகளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா சட்டியை அடித்து நசுக்கிவிட்டார். அடுப்பைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார்.

"மண்ண எங்கம்மா கொட்டறது?" என்றார். "ஏரியில கொட்டினா மாடு குடிக்கும். ரோட்டோரம் கொட்டினா பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரும். தாலுகா ஆபீஸ்ல கேட்டா சிரிக்கறாங்க. நீதான் படிச்சிருக்கியே. அங்க இருக்கறவங்கள கேட்டுச் சொல்லு."

நான் ரஜனி அக்காவிடம் சொன்னேன். அக்கா மிர்சாதாவிடம் சொன்னார். மிர்சாதா இந்த முறை சிரிக்கவில்லை. யோசித்து, மெதுவாகப் பதில் சொன்னார்.

"சாக்கின்ர வாயை இறுக்கிக் கட்டச் சொல்லட்டாம். வீட்டுக்குள்ள வைக்க வேண்டாமாம். எங்க கொட்டுறதெண்டு தனக்குத் தெரியாதாம் பிள்ளை. தங்கட மலை இண்டைக்கும் அங்கதான் நிக்குதாம்."

போனில் அப்பா, "என்னம்மா சொல்றாங்க? என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.